புத்தகம் இல்லாத சித்திரக்காரர்

ராஜா ரவி வர்மாவைப் பற்றி நூறாண்டுக்கு மேலாக நடந்துவரும் வழக்கில் கட்சிகள் இரண்டு. இந்திய நவீன ஓவியத்தின் முதல் பெயர் அவர் என்பது ஒன்று. ஐரோப்பியக் கண்காட்சிக்கூட ஓவியத்தைப் பார்த்து எழுதிய மாற்றுக் குறைந்த பிரதி என்பது இன்னொன்று. தீர்ப்பு வேறானாலும் இரு தரப்பும் ஒன்றில் உடன்படுகின்றன: பெரிய சீலையில் எண்ணெய் வண்ணம் தீட்டி மாளிகைச் சுவரில் மாட்டுபவர்களின் வரிசையில்தான் அவரை நிறுத்திப் பார்க்கவேண்டும் என்று. அந்த வரிசையே பொருந்தவில்லை என்பது என் எண்ணம். 1848-இல் பிறந்து 1906-இல் இறந்த ரவி வர்மாவின் உழைப்புக் காலம் ஏறக்குறைய முழுவதும் விக்டோரியா மகாராணியின் ஆட்சிக்குள் அடங்கியது. அதே காலத்தில் லண்டனில் வேறொரு தொழில் உச்சத்தில் இருந்தது. டிக்கன்ஸின் நாவல்களுக்கு 'ஃபிஸ்' என்ற புனைபெயரில் படம் வரைந்த ஹாப்லட் பிரவுனும், ஆலிஸ் கதைகளுக்கு வரைந்த ஜான் டென்னியலும் செய்த புத்தகச் சித்திரத் தொழில் அது. ஒருவர் எழுதிய கதையில் எந்தக் கணத்தைப் படமாக்கலாம் என்று தேர்வது, அதைத் தேர்ந்த கைவினைஞர் அச்சுக்கு மாற்றிக்கொடுப்பது, ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு அது போய்ச்சேருவது என்ற மூன்று படிகள் கொண்ட தொழில். ரவி வர்மாவின் வாழ்க்கையை இந்த மூன்று படிகளோடு வைத்துப் பார்த்தால் பொருந்தாத பகுதி மிகக் குறைவு. அவரிடம் இல்லாதது புத்தகம் மட்டுமே. அந்தப் புத்தகம் எங்கே இருந்தது என்று தேடினால் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டைக்குத்தான் வரவேண்டும்.

கிளிமானூர் அரண்மனைப் பையன் பதினான்கு வயதில், 1862-இல், மாமன் ராஜராஜ வர்மாவோடு கோட்டைக்கு வந்தான். ஆட்சியில் இருந்தவர் ஆயில்யம் திருநாள். பையனின் கையைப் பார்த்த அரசர் அவன் தங்கிக் கற்பதற்குக் கோட்டைக்குள் மூடத்து மடத்தை ஒதுக்கினார். அரண்மனைச் சேகரிப்பில் இருந்த ஐரோப்பிய ஓவியப் பிரதிகளைப் புரட்டிப் பார்க்கவும் வழி கிடைத்தது. அவனுக்கு முதல் பாடம் சொன்ன மாமனோ தஞ்சாவூர்ப் பாணியில் தேர்ந்தவர். சுவாதித் திருநாள் காலத்தில் அரசவையில் இருந்த மதுரை அழகிரி நாயுடுவின் வழி வந்தவர். எண்ணெய் வண்ணம் அறிந்த அரசவை ஓவியர் ராமசாமி நாயுடு சொல்லித்தர மறுத்தார். 1868-இல் அரசரின் உருவப்படம் எழுத வந்த தியோடர் ஜென்சன் என்ற வெள்ளைக்காரரும், தாம் எழுதும்போது தள்ளி நின்று பார்க்கலாம் என்பதோடு நிறுத்திக்கொண்டார். நாயுடுவின் மாணவர் ஆறுமுகம் பிள்ளை, குருவுக்குத் தெரியாமல் இரவில் வந்து வண்ணம் கலக்கும் வகையைக் காட்டிக்கொடுத்தார் என்பது வரலாறு. இந்தக் கதையை எழுதுபவர்கள் எல்லாரும் மறைத்தவர் யார், கொடுத்தவர் யார் என்பதிலேயே நின்றுவிடுகிறார்கள். வண்ணம் கலக்கக் கற்றது ஒரு பாதி. எதை வரைவது என்பதை அந்தப் பையன் எங்கே கற்றான்?

அந்தக் கேள்விக்குக் கோட்டை வாழ்க்கையே விடை. பத்மநாபசுவாமி கோயிலும் அதை ஒட்டிய மாளிகைகளும் அக்கிரகாரங்களும் சேர்ந்த அந்தச் சிறிய வட்டத்தில் இலக்கியம் படிக்கப்பட்டதைவிடக் கேட்கப்பட்டதும் ஆடிப் பார்க்கப்பட்டதும் அதிகம். அரண்மனைக்கென்று கதகளிக் குழு இருந்தது. உண்ணாயி வாரியரின் நளசரிதம் இரவிரவாக ஆடப்படும். கீசகவதத்துக்கு ஆட்டக்கதை எழுதிய இரயிம்மன் தம்பி இதே அரசவையின் கவிஞர். அவர் இறந்தது 1856-இல்தான், ரவி வர்மா பிறந்து எட்டு ஆண்டுகள் கழித்து. ரவி வர்மாவின் தாய் உமயாம்பாவும் கவிஞர். அவர் எழுதிய பார்வதி சுயம்வரம் துள்ளலை, தாய் இறந்தபின் அச்சில் கொண்டுவந்தவர் மகன். கதகளி பழகியவர்களுக்குத் தெரியும், பாடகர் ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருக்க, நடிகர் அந்த ஒரு கணத்தைக் கண்ணாலும் கையாலும் விரித்துக்கொண்டே போவார். கதை நகராது, கணம்தான் விரியும். பின்னாளில் நளனும் தமயந்தியும், கீசகனும் சைரந்திரியும் ரவி வர்மாவின் சீலையில் வந்து நின்றது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. அவருடைய பார்வையாளர்கள் அந்தக் கணங்களை ஏற்கெனவே மணிக்கணக்கில் பார்த்து உட்கார்ந்திருந்தவர்கள். லண்டன் சித்திரக்காரருக்கு எதிர்ப்பக்கத்தில் அச்செழுத்து இருந்தது. இவருக்கோ கதை எதிரில் நிற்பவரின் நினைவில் இருந்தது.

சகுந்தலையை எடுத்துக்கொண்டால் இது ஊகமாக நிற்காமல் சான்றாகிவிடுகிறது. ரவி வர்மா 1866-இல் மாவேலிக்கரை பாகீரதி பாயியை மணந்தார். பாகீரதியின் தமக்கை ராணி லட்சுமி பாயியின் கணவர் கேரள வர்மா வலிய கோயித்தம்புரான். ஆக ரவி வர்மாவுக்கு அவர் சகலை. திருவிதாங்கூர்ப் பாடநூல் குழுவை நடத்தி மலையாள உரைநடைக்கு வடிவம் கொடுத்தவர் அவர். அபிஞான சாகுந்தலத்தை மலையாளத்தில் பெயர்த்து 'கேரள காளிதாசன்' என்ற பெயரும் பெற்றார். ஒரே குடும்பத்தில் ஒருவர் காளிதாசனைச் சொல்லில் பெயர்க்க, மற்றவர் வண்ணத்தில் பெயர்த்தார். 1876-இல் சென்னைக் கண்காட்சிக்குப் போன சகுந்தலை மடல் எழுதும் படத்தை ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபு விலைக்கு வாங்கிக்கொண்டார். (அப்போது சகலை, அரசரின் கோபத்துக்கு ஆளாகி 1875 முதல் காவலில் இருந்தார். கோட்டை வாழ்க்கை அவ்வளவு இலக்கியமயமாக மட்டும் இருந்துவிடவில்லை.) பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டு சமஸ்கிருதப் பேராசிரியரான மோனியர் வில்லியம்ஸ் செய்த சாகுந்தல மொழிபெயர்ப்பு 1855-இல் ஹெர்ட்ஃபோர்டு நகர ஸ்டீபன் ஆஸ்டின் அச்சகத்தில், மரச்செதுக்குப் படங்களும் பூவேலை ஓரங்களுமாக வெளிவந்திருந்தது. அக்கால இங்கிலாந்தில் பரிசாகக் கொடுப்பதற்கென்றே தயாரான ஆடம்பரப் பதிப்பு அது. பின்னால் வந்த ஒரு பதிப்பில் முகப்புப் படமாக ரவி வர்மாவின் சகுந்தலை ஏறினாள். கிழக்கேகோட்டையில் பயின்ற ஒருவர், தாம் அறியாமலேயே, விக்டோரியா காலப் புத்தகச் சித்திரக்காரர் ஆகிவிட்டார்.

இந்தப் படத்தைத்தான் பின்னாளில் சகோதரி நிவேதிதை கடுமையாகத் தாக்கினார். தரையில் நீட்டிப் படுத்துக் கடிதம் எழுதும் பெண்ணில் அவருக்கு இந்தியப் பண்பும் தெரியவில்லை, காவிய மேன்மையும் தெரியவில்லை. ஓவியத்தைத் தனிப் பொருளாகப் பார்க்கிறவருக்கு அது நியாயமான எரிச்சலாகவும் இருக்கலாம். ஆனால் நாடகத்தின் மூன்றாம் அங்கத்தைத் திறந்தால் சகுந்தலை காமநோயில் சோர்ந்து, மலர் பரப்பிய கற்பலகையின் மேல் கிடக்கிறாள். தோழியர் இருபுறமும் இருக்கிறார்கள். தாமரை இலையில் நகத்தால் எழுதச் சொல்வது தோழியின் யோசனை. படுத்த நிலையும் இலையும் தோழியரும் காளிதாசன் வைத்தவை. படத்தில் குறையிருந்தால் அது ஓவியர் நாடகத்துக்கு மிகவும் விசுவாசமாக இருந்ததன் குறை. கதைக்கு விசுவாசம் என்பது தனி ஓவியருக்குத் தளை. சித்திரக்காரருக்கோ அதுதான் தொழில் நாணயம். நிவேதிதையின் கண்டனத்தை மறுப்பதைவிட, அது எந்தத் தொழிலின் அளவுகோலால் அளந்தது என்று கேட்பது பயனுள்ளது.

இதே சோதனையை மற்றப் படங்களிலும் செய்து பார்க்கலாம். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா கலைக்கூடச் சேகரிப்பைச் சேர்ந்த இன்னொரு சகுந்தலை, காலில் முள் தைத்ததுபோல் நின்று திரும்பிப் பார்க்கிறாள். அவள் யாரைப் பார்க்கிறாளோ அந்தத் துஷ்யந்தன் படத்துக்குள் இல்லை. தர்ப்பை குத்தியது பொய் என்று தெரியாதவருக்கு அந்தப் படம் ஒரு பெண் பாதத்தைத் தடவும் காட்சி. தெரிந்தவருக்கு அது காதலின் முதல் தந்திரம். 1899-இல் எழுதிய ஹம்ச தமயந்தியும் அதே சேகரிப்பில் உண்டு. ஓர் அன்னத்தின் முன்னால் ஒரு பெண் நின்று கேட்கிறாள். அன்னம் என்ன சொல்கிறது என்பது சீலையில் எங்கும் இல்லை. நளவெண்பா படித்த தமிழரோ நளசரிதம் பார்த்த மலையாளியோ கூட வைத்திருக்கவேண்டும். பரோடா அரசர் மூன்றாம் சயாஜிராவுக்காக 50,000 ரூபாய்க்கு எழுதிய பதினான்கு புராணப் படங்களில் பலவும் இப்படிப் பாதிக் கதைகள்: நளன் தமயந்தியை விட்டுப் போகும் இரவு, சந்தனு கங்கையைத் தடுக்கும் வினாடி, சிங்கக் குட்டியின் வாயைப் பிளக்கும் பரதன். ஒவ்வொன்றிலும் முன்னால் நடந்ததும் பின்னால் நடக்கப்போவதும் பார்ப்பவர் பொறுப்பு. பல அச்சுப்படங்களின் அடியில் தலைப்பு ஓடியதும் இதனால்தான். தலைப்பு இல்லாவிட்டால் ஒரு நிலக்காட்சி ஓவியத்துக்கு நட்டமில்லை, இவற்றுக்கு நட்டம்.

இங்கே நியாயமான ஒரு தடை எழும். புராணக் கதையைப் படமாக்குவது ரவி வர்மா கண்டுபிடித்ததா? பத்மநாபசுவாமி கோயில் சுவரிலும், தெற்கே பத்மநாபபுரத்திலும், கேரளம் முழுக்கக் கோயில்களிலும் அதே இராமனும் கிருஷ்ணனும் இருக்கிறார்களே. அவற்றையும் சித்திரத் தொழில் என்று சொல்லிவிடலாமா என்று கேட்கலாம். சொல்லக்கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. கோயில் சுவர் ஓவியன் கடவுளை அவருடைய இலக்கணத்தோடு எழுதுகிறான்: நிறம், கை, ஆயுதம், வாகனம் எல்லாம் விதிப்படி. கதை வந்தாலும் அடுத்தடுத்த காட்சிகள் ஒரே சுவரில் ஓடும், இராமன் பத்து முறை வருவான். ரவி வர்மா அந்த ஓட்டத்தை நிறுத்தி ஒரு கணத்தை எடுத்து அதற்கு ஓர் இடம், ஒரு பகல் வெளிச்சம், ஒரு புடவை கொடுத்தார். பரோடாப் பணிக்கு முன் தம்பி ராஜராஜ வர்மாவோடு வடநாட்டில் சுற்றியது, எல்லா மாநிலத்தாரும் ஏற்கும் புராண உடை எது என்று தேடித்தான். கடைசியில் மராட்டியப் பாணிப் புடவையிலேயே பல நாயகிகள் நின்றார்கள். உடையும் அறைச்சாமானும் கதைக் காலத்துக்குப் பொருந்துகிறதா என்று துருவுவது சுவர் ஓவியனின் கவலையே இல்லை. அது வரலாற்று நாவலுக்குப் படம் வரைந்த லண்டன் ஆட்களின் கவலை. விடை சரித்திரப்படி தவறு என்பது உண்மைதான். ஒன்பது கஜப் புடவையில் சகுந்தலை இருந்திருக்கமாட்டாள். கேள்வி புதியது.

அடுத்த படி அச்சு. ரவி வர்மா அச்சுக்குப் போனதைப் பணத்தாசை என்று சொல்வோர் உண்டு, கலையை மக்களிடம் கொண்டுசேர்த்த தியாகம் என்று சொல்வோரும் உண்டு. முன்னாள் திருவிதாங்கூர் திவானும் பின்னர் பரோடா திவானுமாக இருந்த மாதவ ராவ், இவ்வளவு பேர் கேட்கும் படங்களை ஒரு கையால் எழுதித் தீராது, ஐரோப்பாவுக்கு அனுப்பி வண்ண அச்சாக எடுத்துக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னார். ஐரோப்பாவுக்கு அனுப்பாமல் ஐரோப்பாவின் இயந்திரத்தையும் ஆட்களையும் இங்கே வரவழைத்தார் ரவி வர்மா. 1894-இல் பம்பாய் கிர்காமில் அச்சகம் தொடங்கியது. முதலில் வந்தது சகுந்தலையின் பிறப்பு. அச்சில் நடந்தது என்ன என்பதைக் கொஞ்சம் கவனிக்கவேண்டும். கல்லச்சில் எண்ணெய் ஓவியம் அப்படியே இறங்காது. ஓவியத்தை நிறம் நிறமாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சுண்ணாம்புக்கல் பலகையில் இன்னொருவர் கையால் மறுபடி வரையவேண்டும். அந்தக் கற்கள் ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிந்து முடிந்தபின் மேலே வார்னிஷ் பூசினால் எண்ணெய் ஓவியம்போல் மினுக்கும். ஜெர்மன் தொழில்நுட்பர் ஃப்ரிட்ஸ் ஷ்லைஷரும் அவர் ஆட்களும் செய்த இந்த வேலை வெறும் நகலெடுப்பில் அடங்காது. அது ஒரு விளக்கவுரை. லண்டனில் டென்னியல் பென்சிலால் வரைந்ததை டால்சியல் சகோதரர்கள் மரக்கட்டையில் செதுக்கியதும் இதே வகை. ஆலிஸ் புத்தகத்தின் 1865-ஆம் ஆண்டு முதல் அச்சில் படங்கள் சரியாக விழவில்லை என்று டென்னியல் முறையிட்டதும் இரண்டாயிரம் பிரதிகள் கொண்ட அந்தப் பதிப்பு திரும்பப் பெறப்பட்டது. புத்தகம் மறுபடி அச்சாயிற்று. சித்திரக்காரரின் பெயர் எவ்வளவு உயர்ந்தாலும் அவர் படம் இன்னொருவர் உளியின் தயவில் இருந்தது. ரவி வர்மாவின் பெயருக்கும் அதே கதி. கிர்காமிலிருந்து காட்கோபருக்கும், பம்பாயில் பிளேக் பரவிய ஆண்டுகளுக்குப்பின் லோனாவாலா பக்கம் மளவ்லிக்கும் போன அச்சகம் கடனில் மூழ்கியது. 89 படங்களின் அச்சுரிமையோடு அதை அவர் ஷ்லைஷருக்கே விற்றார்.

இத்தனைக்கும் பிறகு, ஒரு பெரிய ஓவியரைப் 'படம் போடுபவர்' என்று இறக்கிவைக்கலாமா என்ற வருத்தம் எஞ்சும். ஆனந்த குமாரசாமி ரவி வர்மாவின் படங்கள் நாடக மேடைத்தனமானவை, கற்பனை ஆழம் இல்லாதவை என்று எழுதியபோது மனத்தில் இருந்ததும் ஏறக்குறைய இந்தத் தரவரிசைதான்: தன் உள்ளொளியால் எழுதுபவன் மேலே, பிறர் கதையைப் படமாக்குபவன் கீழே. இந்த வரிசை யாருடையது? விக்டோரியா காலமே அதைச் சரியாகக் கடைப்பிடிக்கவில்லை. அரச கலைக்கழகத்தின் தலைவர் பதவிவரை போன மில்லே, டிராலப்பின் நாவல்களுக்குப் படம் வரைந்தவர். அவருடைய எண்ணெய் ஓவியம் ஒன்று பேர்ஸ் சோப்பின் விளம்பரமாகி வீடு வீடாகத் தொங்கியது. குஸ்தாவ் டோரே பைபிளுக்கும் தாந்தேக்கும் வரைந்தே ஐரோப்பா முழுதும் பெயர் வாங்கினார். டென்னியலுக்கு 1893-இல் 'சர்' பட்டம் கிடைத்தது. ஏளனத்தை விலக்கிப் பார்த்தால் குமாரசாமி கண்ட நாடகத்தன்மை உண்மையான கவனிப்பு. மேடைபோல் அமைத்த காட்சி, ஒரே பக்கத்திலிருந்து விழும் ஒளி, பார்வையாளரை எண்ணித் திருப்பிய முகம் எல்லாம் ரவி வர்மாவிடம் இருக்கின்றன. அவர் குற்றமாகச் சொன்னதை நான் தொழிலின் அடையாளமாகப் படிக்கிறேன், அவ்வளவுதான் வேறுபாடு.

படம் கதைக்குப் பணிந்தே கிடந்தது என்றும் சொல்லமுடியாது. இந்தியில் மகாவீர் பிரசாத் துவிவேதி ஆசிரியராக இருந்த சரஸ்வதி இதழ் ரவி வர்மாவின் படங்களை வெளியிட்டு அவற்றுக்குக் கவிதை எழுதச் செய்தது. அவரும் மைதிலி சரண் குப்தரும் பிறரும் எழுதியவை 1909-இல் கவிதா கலாப் என்ற தொகுப்பாயின. கதைக்குப் படம் வந்த இடத்தில் இப்போது படத்துக்குக் கவிதை வந்தது. தமிழில் பாரதி அவர் மறைவுக்கு இரங்கற் பாட்டு எழுதினார். செட்டிநாட்டு வீடுகளில் அதே அச்சுப்படங்களுக்கு ஜரிகையும் சம்கியும் துணியும் ஒட்டிச் சட்டம் போட்டார்கள். வாங்கியவரும் படத்தை முடித்துவைக்கும் பங்காளி ஆனார். ஆங்கிலப் புத்தகச் சந்தையில் வாசகர் பக்கத்தைப் புரட்டுவதோடு சரி.

என் வாதத்துக்கு எல்லை உண்டு. ரவி வர்மா பிழைப்புக்கு எழுதியதில் பெரும்பகுதி அரசர், திவான், துரைமார் உருவப்படங்கள். அவற்றுக்கும் எந்தக் கதைக்கும் தொடர்பில்லை. 1873-இல் சென்னையில் பதக்கம் வாங்கிய, கூந்தலில் மல்லிகை சூடும் நாயர்ப் பெண்ணும் அப்படியே. இவற்றை விட்டுவிட்டுப் பேசினால் பாதி ரவி வர்மாவைத்தான் பேசுகிறோம். அச்சுக்குப் போய் நாட்டைச் சுற்றிய பாதி அது என்பதுதான் என் சமாதானம். அதிலும் ஒரு சிக்கல் எஞ்சுகிறது. வீடுகளில் அதிகம் நிலைத்தவை சகுந்தலையும் தமயந்தியும் அல்ல, தாமரையில் நிற்கும் லட்சுமியும் வீணை ஏந்திய சரஸ்வதியும். அவற்றில் கணமும் இல்லை, முன்கதையும் இல்லை. தியான சுலோகத்தின் படமாக்கல்தான் அதுவும் என்று வாதத்தை இழுக்கலாம். அப்படி இழுத்தால் எந்தச் சாமி படத்தையும் உள்ளே கொண்டுவந்துவிடலாம், ஆகவே இழுக்கவில்லை. லட்சுமியை வாங்கியவர் கதை கேட்கவில்லை, விளக்கேற்ற ஓர் உருவம் கேட்டார். அச்சகம் கைமாறியபின் எம். வி. துரந்தர் போன்ற வேறு ஓவியர்களின் படங்களையும் ரவி வர்மா அச்சகம் என்ற பெயரிலேயே ஷ்லைஷர் தொடர்ந்து வெளியிட்டார். வாங்கியவர்களுக்கு அது எழுதிய கையின் பெயரா, கடையின் பெயரா என்ற வேறுபாடு தேவைப்படவில்லை.